ஒரு சாண் தொலைவு

இல்லாத ஒன்றைப் படம் பிடிப்பதுதான் அவருடைய வேலை. சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அதற்கென்று ஓர் அலுவலகம், ஒரு நாற்காலி, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை எல்லாம் உண்டு. மலைமேல் காற்றாலை நடப்போகிறார்கள் என்றால், அது நின்றால் எப்படி இருக்கும் என்று அங்கே குடியிருப்பவர்களுக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும் என்பது சட்டம். இவர் போய் வெறும் மலையைப் படம் எடுத்து வருவார். கம்ப்யூட்டரில் அதன்மேல் கோபுரங்களை நிறுத்துவார், வெயிலுக்கும் நிழலுக்கும் தக்கபடி வண்ணம் கொடுப்பார், நிஜம்போலவே அச்சடித்துத் தருவார். அலுவலகத்தில் படக்காரர் என்று கூப்பிட்டார்கள். நாளடைவில் எல்லோருக்குமே அவர் படக்காரர் ஆகிவிட்டார்.

அதற்கு முன் இருபது வருடம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருந்தார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்களின் மருவை அழிப்பார், தொங்கும் தாடையை இழுத்துக் கட்டுவார், கல்யாணப் படத்தில் கண்ணை மூடிக்கொண்ட மாமனாருக்கு இன்னொரு படத்திலிருந்து இரண்டு கண்களை எடுத்து வைப்பார். யார் மனமும் கோணாமல் படம் கொடுப்பது அவருக்குக் கைவந்த கலை. அந்தக் கலை கையோடு நிற்காமல் வாய்க்கும் ஏறிக்கொண்டதுதான் வினை. கசப்பான எதையும் அவருக்கு நேரே சொல்ல வராது. ஒரு முறை பார்த்துவிட்டு வந்த பெண்ணைப் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியாமல் ஆறு மாதம் மென்று முழுங்கி, கடைசியில் பெண்வீட்டுக்காரர்களே அலுத்துப்போய் வேறு மாப்பிள்ளை பார்த்தார்கள். அதன் பிறகு யாரும் அவருக்குப் பெண் பார்க்கத் துணியவில்லை. ஐம்பது தாண்டியும் மனிதர் தனிக்கட்டைதான்.

அவருக்கென்று இருந்தது ஓர் அக்கா. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். எந்தக் கோழிக் கிறுக்கலில் முகவரி எழுதியிருந்தாலும் ஒரே பார்வையில் படித்து உரிய பெட்டியில் எறிந்துவிடுவாள். அவள் கணவர் கொத்தனார். மாமாவுக்கு நூலும் வேண்டாம், தூக்குக்குண்டும் வேண்டாம். சுவருக்கு எதிரே ஒரு நிமிடம் நின்றாரென்றால் எந்த இடத்தில் அரை விரற்கடை சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்ட அந்த மனிதர் கட்டிய வீடுகள் அந்தச் சரிவில் பாதி. தன் வீட்டையும் அங்கேதான் கட்டினார். மேற்குப் பார்த்த அறையில் ஆளுயரத்துக்கு ஒரு ஜன்னல் வைத்தார். அதில் நின்றால் எதிர்மலை முழுவதும் தெரியும்.

படக்காரர் தன் நாற்பத்தைந்தாவது வயதில் காற்றாலைக் கம்பெனிக்கு மாறியபோது, மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது இடக்கையும் ஒரே ஒரு ஒலியும். ஆமாம் என்றால் கண்ணை மூடித் திறப்பார். வேண்டாம் என்றால் "ம்ஹூம்" என்பார். அக்கா கட்டிலை அந்த ஜன்னலோரமாக இழுத்துப் போட்டாள். காலையில் மலைமேல் வெயில் இறங்கி வருவதையும், மத்தியானம் மேகநிழல் ஊர்ந்து போவதையும், மாலையில் சூரியன் முகட்டுக்குப் பின்னால் விழுவதையும் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். உலகத்தில் அவருக்கு மிச்சமிருந்தது அந்த நாலுக்கு ஆறடி ஜன்னல்தான். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். தம்பிக்கும் தெரியும். இதை வாசிக்கிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தெரியாமல் செய்த பாவம் என்று பின்னால் யாரும் தப்பிக்கக் கூடாது.

காற்றாலைகள் மேல் படக்காரருக்கு ஒரு மோகம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். யாராவது காது கொடுத்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். ஏன் மூன்று இறக்கை? இரண்டு வைத்தால் சுற்றும்போது நொண்டுகிற மாதிரி கண்ணுக்குத் தோன்றும். நாலு வைத்தால் ஏதோ அவசரத்தில் ஓடுகிற மாதிரி இருக்கும். மூன்று சுற்றினால்தான் நிதானம். ஏன் கோபுரத்தைக் கம்பிக் கட்டாகச் செய்யாமல் உருளையாகச் செய்கிறார்கள்? கம்பிக்கட்டு தூரத்திலிருந்து பார்த்தால் சாரம் கட்டிய வீடு மாதிரி, வேலை முடியாதது மாதிரி இருக்கும். ஏன் சுத்த வெள்ளை அடிப்பதில்லை? சாம்பல் கலந்தால்தான் வானத்தில் கரையும், பளபளப்பில்லாத பூச்சாக இருந்தால்தான் வெயிலில் கண்ணைக் குத்தாது. இப்படியே போகும். "உங்களுக்குப் பெண் கொடுக்காதது நல்லதாப் போச்சு, அதுக்கும் மூணு கை இருக்கான்னு பார்த்திருப்பீங்க" என்று மேனேஜர் கிண்டல் செய்வார். படக்காரரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அந்த மேனேஜர்தான் ஒரு நாள் வரைபடத்தை விரித்து, ஏழு சிவப்புப் புள்ளிகளைக் காட்டினார். ஏழும் அக்கா வீட்டுக்கு எதிர்மலை முகட்டில் வரிசையாக இருந்தன. மிகக் கிட்டே இருந்த புள்ளிக்கும் அக்கா வீட்டு ஜன்னலுக்கும் முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இறக்கை நுனி வரை நாற்பது மாடி உயரம்.

"அந்தச் சரிவுல பன்னிரண்டு வீடு. எல்லார்கிட்டயும் ஆட்சேபணை இல்லன்னு ஒரு கடிதம் வேணும். உங்க அக்கா வீடுதானே ரொம்பக் கிட்ட? அவங்க போட்டா மத்தவங்க தானாப் போடுவாங்க. நீங்களே பேசிடுங்க, வீட்டோட முடிஞ்சிடும்" என்றார் மேனேஜர். பிறகு, "இந்த அறிக்கையில முதல் பக்கமே உங்க படம்தான். உங்க பேரோட" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மருவை அழித்தே ஆயுளைக் கழித்த மனிதரின் பெயரை அதுவரை எந்தப் படத்திலும் போட்டதில்லை. உச்சி குளிர்ந்துவிட்டது.

படம் எடுக்க நாலு நாள் எடுத்துக்கொண்டார். முதல் நாள் வானம் அடர்நீலம். நீலத்தின்மேல் கோபுரம் எடுப்பாகத் தெரியும், ஆகாது. இரண்டாம் நாள் கருமேகம். அதில் இன்னும் எடுப்பாகத் தெரியும். நாலாம் நாள்தான் பால் கலந்த மாதிரி வெளிறிய வானம் வாய்த்தது. அக்கா வீட்டு வாசலில் ஸ்டாண்டைப் போட்டார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா துணி உலர்த்தும் கொடியும் ஒரு மின்கம்பமும் முன்னால் வருகிற மாதிரி கேமராவைத் திருப்பினார். கிட்டே பெரிதாக ஒன்று இருந்தால் தூரத்தில் இருப்பது சிறுத்துப்போகும். அகலமான பார்வையுள்ள லென்ஸைப் போட்டார். இதில் எதுவும் சட்டத்துக்கு விரோதமில்லை. அளவு எல்லாம் அச்சுப் பிசகாமல் சரி. அந்த விஷயத்தில் படக்காரர் ரொம்பச் சுத்தம்.

ஆனால் ஒன்று. அப்படி அகலமாக எடுத்த படத்தைக் கண்ணுக்குக் கிட்டே, ஒரு சாண் தொலைவில் பிடித்துப் பார்த்தால்தான் நிஜத்தில் தெரிகிற உயரம் தெரியும். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதற்காகவே படத்தின் அடியில், "இருபத்திரண்டு சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்கவும்" என்று ஒரு வரி போட வேண்டும். போட்டார்கள், எறும்பு ஊர்ந்த மாதிரி. வரி இருக்க வேண்டும் என்றுதான் சட்டம். வாசித்துக் காட்ட வேண்டும் என்று இல்லை. நாற்பது வயதைக் கடந்த எவரும் ஒரு தாளைக் கொடுத்தால் கையை நீட்டித்தான் பிடிப்பார்கள் என்பது அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படக்காரர் முழ நீளத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளை ஒரு கை தூரத்துக்கு நீட்டிப் பிடித்தாள்.

"எங்கடா இருக்கு?"

"அந்த முகட்டுல பாருக்கா. வரிசையா."

"அட, இதுவா! தீக்குச்சி நட்ட மாதிரியில்ல இருக்கு." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கா தையல்காரம்மா மலையே போச்சுன்னு ஒப்பாரி வெச்சிட்டு இருக்கா? பார்க்க அழகாத்தான்டா இருக்கு. நீயா பண்ணினே?"

"நான்தாங்கா."

"கெட்டிக்காரன்டா."

அப்போதே சொல்லியிருக்கலாம். 'கொஞ்சம் கிட்ட வெச்சுப் பாருக்கா' என்று நாலே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. அக்கா முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் அது வந்த வழியே திரும்பிவிட்டது. எப்படியும் பழகிவிடும், எல்லோருக்கும் பழகித்தான் விடுகிறது என்று அவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"இருங்க, உங்களுக்கும் காட்டறேன்" என்று அக்கா கட்டிலருகே போய் மாமாவின் இடக்கையில் தாளைக் கொடுத்தாள். படுத்தபடியே இருப்பதால் மாமா கண்ணாடி போடுவதை எப்போதோ விட்டுவிட்டார். மலையும் வெயிலும் மங்கலாகத் தெரிந்தாலே அவருக்குப் போதும், ஆனால் கண்ணாடி இல்லாவிட்டால் கிட்டே இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். தாளை மூக்குக்கு நேரே கொண்டுவந்தார். முகத்துக்கும் தாளுக்கும் நடுவே சரியாக ஒரு சாண்.

அவர் பார்த்தார். வாழ்நாள் முழுக்கச் சுவரின் சாய்வை அளந்த கண்கள் இடமிருந்து வலமாக மெதுவாக நகர்ந்தன. மாமாவின் மூச்சு மாறியதைப் படக்காரர் கவனித்தார்.

"ம்ஹூம்" என்றார் மாமா.

"என்ன ம்ஹூம்? தீக்குச்சி கணக்கா இருக்குங்க. உங்களை என்ன பண்ணப்போகுது?"

"ம்ஹூம். ம்ஹூம்." தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். தாளை விடாமல் இடக்கையால் அவள் முகத்தை நோக்கித் தள்ளினார். அக்கா அதை வாங்கி மறுபடி கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். "ஒண்ணுமில்லையே! இவருக்கு எதுக்கெடுத்தாலும் ம்ஹூம்தான்டா. நேத்து மருந்துக்கும் ம்ஹூம், குளிக்கறதுக்கும் ம்ஹூம். நீ கடிதத்தைக் கொடு."

மாமா தலையைத் திருப்பிப் படக்காரரைப் பார்த்தார். அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் அந்தப் படம் புரிந்திருந்தது. ஒருவருக்கு வாய் இல்லை. வாய் இருந்தவர் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அக்கா தபால் நிலையத்துக்காரிக்கே உரிய அழகான எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் தையல்காரம்மா போட்டாள். வார முடிவுக்குள் பன்னிரண்டும் வந்துவிட்டன.

கோபுரங்கள் எழும்ப ஒன்றரை வருடம் ஆனது. முதல் கோபுரத்தின்மேல் இறக்கையைப் பூட்டிய அன்று அக்காவிடமிருந்து போன் வந்தது.

"டேய், என்னடா இது? அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கு! நீ காட்டினது தீக்குச்சி அளவுதானேடா இருந்துச்சு?"

"எனக்கும் ஒண்ணும் புரியலக்கா" என்றார் படக்காரர். "அவங்க கொடுத்த அளவைத்தான் நான் போட்டேன்."

அக்கா, "அப்போ உன்னையும் ஏமாத்திட்டானுங்களா? பாவிங்க" என்றாள்.

திட்டியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். அவள் பரிதாபப்பட்டாள், அதில்தான் மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தச் சரிவில் யார் படக்காரரைப் பற்றி வாயைத் திறந்தாலும் அக்கா சண்டைக்குப் போனாள். "உன் தம்பி நல்லாப் படம் காட்டினான்" என்று தையல்காரம்மா ஒரு நாள் வாசலில் நின்று சொன்னபோது, "என் தம்பி என்ன பண்ணுவான்? அவன் வெகுளி. மேல இருக்கறவன் பொய் அளவு கொடுத்தா இவன் எதைக் கண்டான்?" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். இருபது வருடச் சிநேகிதம் அன்றோடு முறிந்தது. தையல்காரம்மா அதன் பிறகு கொடியில் துணி உலர்த்தும்போதுகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஏழும் எழும்பியபின் ஜன்னலில் மலை இல்லை. மலை அங்கேயேதான் இருந்தது, ஆனால் கண் அதில் தங்கவில்லை. சுற்றுகிற ஒன்று இருந்தால் கண் அங்கேதான் போகும். பார்க்காமல் இருக்கலாம் என்பது நடமாடுகிறவர்கள் சொல்கிற பேச்சு. கழுத்தைத் திருப்பினால் சுவர், நிமிர்த்தினால் காற்றாலை, இவ்வளவுதான் மாமாவின் சுதந்திரம். படக்காரர் சொன்ன மூன்று இறக்கை நிதானம், சாம்பல் பூச்சு எல்லாம் வாஸ்தவம்தான். வேறொரு மலையில், வேறொருவர் பத்து நிமிடம் காரை நிறுத்திப் பார்த்திருந்தால் அழகு என்றுதான் சொல்லியிருப்பார். நானே சொல்லியிருப்பேன்.

அதைவிட மோசம் நிழல். வருடத்தில் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்தாறு வாரம், சூரியன் சரியாக மூன்றாம் கோபுரத்துக்குப் பின்னால் இறங்கும். அப்போது இறக்கைகளின் நிழல் சரிவைத் தாண்டி வந்து அந்த அறைக்குள் விழும். வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு. மூச்சு விடுவதற்குள் ஒரு தடவை. யாரோ விளக்குச் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிற மாதிரி அரை மணி நேரம். மாமா கண்ணை இறுக மூடிக்கொள்வார். மூடிய இமைக்குள்ளும் அது தெரியும். முதல் மாலை அவர் இட்ட சத்தத்தில் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

படக்காரர் ஓடிப்போய்க் கனமான திரைச்சீலை வாங்கிவந்து மாட்டினார். திரையை இழுத்ததும் மாமா "ம்ஹூம்" என்றார். கட்டிலை உள்சுவரோரம் மாற்றிப் பார்த்தார்கள். அதற்கும் ம்ஹூம். விடிய விடிய ம்ஹூம். அவருக்கு ஜன்னல் வேண்டும், கெட்டுப்போன ஜன்னலானாலும் அது அவர் வைத்த ஜன்னல். கட்டில் பழைய இடத்துக்கே வந்தது. கடைசியில் அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தாள். நிழல் வருகிற நேரத்துக்கு ஜன்னலில் முதுகைக் கொடுத்து, புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, மாமாவின் முகத்தில் நிழல் விழாதபடி நின்றாள். நிழலெல்லாம் அவள் முதுகில் விழுந்தது. அறுபத்து மூன்று வயதில், முட்டி வலியோடு, தினம் அரை மணி நேரம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் படக்காரர், "நீ உட்காருக்கா" என்று அந்த இடத்தில் நின்றார். அப்படி நின்ற முதல் நாள், மாமா கண்ணைத் திறந்து, ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்பது யார் என்று பார்த்தார். பிறகு இடக்கையை மெதுவாகத் தூக்கினார். உள்ளங்கையை முகத்துக்கு நேரே, ஒரு சாண் தள்ளி, தாளைப் பிடிப்பதுபோல் பிடித்தார். அப்படியே படக்காரரைப் பார்த்தார்.

"கண்ணு கூசுதாம்டா, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் நகரு" என்றாள் அக்கா, கட்டிலருகே உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே.

படக்காரர் நகர்ந்தார். அதற்குப் பிறகு எந்த ஞாயிறு போனாலும், அவர் ஜன்னலில் நின்றவுடன் அந்தக் கை எழும்பும். கோபமாக எழும்பியதாகத் தெரியவில்லை. 'சொல்லு' என்று கேட்கிற மாதிரிதான் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் வீட்டிலிருந்து கிளம்பும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் வருவார். பஸ்ஸில் வார்த்தைகளைக் கூட்டிப் பார்ப்பார். அக்கா கதவைத் திறந்து, "வாடா, மூஞ்சி ஏன் வாடிக் கிடக்கு, சாப்பிட்டியா?" என்று கேட்பாள். எல்லாம் உதிர்ந்துவிடும். மாமா இருக்கிற வரைக்கும் அவளுக்கு ஏற்கெனவே ஆயிரம் சுமை, இதை வேறு ஏன் ஏற்றுவது, எல்லாம் ஓய்ந்தபின் சொல்லிக்கொள்ளலாம். இப்படி ஒரு நியாயம் அவருக்குக் கிடைத்தது. கோழைகளுக்கு நியாயம் எங்கிருந்துதான் கிடைக்குமோ, கிடைத்துவிடும்.

இரண்டாம் வருடம், நிழல் வருகிற வாரங்கள் முடிகிற சமயத்தில் மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் நாலு நாள். ஐந்தாம் நாள் போய்விட்டார். கடைசிவரை அக்கா பக்கத்தில் இருந்தாள். "நான் அவருக்கு ஒரு குறையும் வெக்கலடா, வெச்சேனா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "இல்லக்கா" என்று படக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு மாதம் கழித்து அக்கா அவரைக் கூப்பிட்டனுப்பினாள். மேஜைமேல் ஒரு மனு இருந்தது. அதே அழகான எழுத்து, நாலு பக்கம். அடுத்த மலையில் இன்னும் ஒன்பது காற்றாலை வரப்போகிறதாம், அதற்கான விசாரணை நடக்கிறதாம்.

"அங்க இருக்கறவங்களாவது ஏமாறக் கூடாதில்லடா. கம்பெனி பொய் அளவு கொடுத்துச்சுன்னு எழுதியிருக்கேன். நீ உள்ள இருந்தவன். நீ வந்து ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வேலை போனாப் போகட்டும், இங்க வந்து என்கூட இரு. ரெண்டு பேருக்கு எவ்வளவு வேணும்?"

படக்காரர் மனுவை முழுக்கப் படித்தார். மூன்றாம் பக்கத்தில், 'என் தம்பியும் இதில் ஏமாற்றப்பட்டவரே' என்று இருந்தது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"அளவு பொய்யில்லக்கா" என்றார்.

"என்னது?"

"அளவு சரிதான். படமும் சரிதான். நீ பிடிச்சுப் பார்த்ததுதான்..." சொல்ல வராமல் எழுந்து போனார். அலமாரியில் அக்கா பத்திரப்படுத்தியிருந்த தாளை எடுத்துவந்தார். அவளை ஜன்னலுக்குக் கூட்டிப்போனார். காலியான கட்டிலைத் தள்ளிவிட்டு இடம் செய்துகொண்டு, தாளை அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். "தெளிவாத் தெரியாது. பரவாயில்ல. உயரத்தை மட்டும் பாரு. இப்ப வெளியே பாரு."

அக்கா தாளைப் பார்த்தாள். வெளியே பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். கலங்கலாகத் தெரிந்தாலும் உயரம் ஒன்றாகத்தான் இருந்தது. அடியிலிருந்த எறும்பு வரியை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். தாளைக் கையில் வாங்கி, விளக்கருகே கொண்டுபோய், கண்ணாடியைக் கழற்றி மாட்டி அவள் அதைப் படித்தாள். ஊரார் கிறுக்கலையெல்லாம் ஒரே பார்வையில் படித்தவளுக்கு அந்த ஒற்றை வரியைப் படிக்க வெகுநேரம் ஆனது.

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்கா."

கன்னத்தில் அறை விழும் என்று எதிர்பார்த்தார். விழுந்திருந்தால் வாங்கிக்கொண்டு காலைப் பிடித்திருப்பார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் இப்படித்தானே பிடிச்சுப் பார்த்தாரு" என்றாள் மெதுவாக. "மூக்குகிட்ட வெச்சு. என் பக்கம் தள்ளினாரே. நான் என்ன சொன்னேன்? எல்லாத்துக்கும் ம்ஹூம்தான்னு சொன்னேன்ல?"

"அக்கா, உன்மேல என்ன தப்பு இருக்கு? நான்தான்..."

"நீ எனக்குப் பண்ணினது இருக்கட்டும்டா. அது நமக்குள்ள. என்னைக்காவது ஒரு நாள் ஆறிடும்." அவள் குரல் உயரவே இல்லை. "ஆனா அவர் சொன்னது சரி. நான்தான் அவரை வாயை மூடச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இதை ஒரு மாசத்துக்கு முன்னால, அவர் இருக்கும்போது நீ சொல்லியிருந்தா, 'நீங்கதாங்க சரி, நான் கேக்காமப் போயிட்டேன்'னு அவர் காதுல ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனே. அதைக் கேட்டுட்டாவது போயிருப்பாரே. இப்ப நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?"

படக்காரர் தள்ளிவிட்ட கட்டிலைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டார்.

மனுவில் மூன்றாம் பக்கத்தை அக்கா மாற்றி எழுதினாள். தம்பியைக் காட்டிக்கொடுக்கவில்லை. படத்தை எப்படிப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதி, தையல்காரம்மா வீட்டுக் கதவைத் தட்டி அவளிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். படக்காரர் வேலையை விட்டுவிட்டார். பழைய ஸ்டுடியோவிலேயே இப்போது மரு அழித்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் போகிறார். அக்கா கதவைத் திறக்கிறாள், சாப்பிட்டாயா என்று கேட்கிறாள், டீ போட்டுக் கொடுக்கிறாள். முட்டி வலி, தண்ணீர் வராதது, தையல்காரம்மாவின் புது மருமகள் என்று எல்லாம் பேசுகிறாள். சில சமயம் சிரிக்கக்கூடச் செய்கிறாள். மாமாவைப் பற்றிய பேச்சை மட்டும் அவரிடம் எடுப்பதில்லை. ஒரு ஞாயிறு அவரே தயங்கித் தயங்கி, "மாமா இருந்தா..." என்று ஆரம்பித்தார். அக்கா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.